ஒண்டும் செய்யாது

"வேறை மருந்து ஏதும் பாவிக்கிறனீங்களோ?" என்று அந்த இளம் டொக்டர் கேட்டார். "இல்லை" என்றேன். இரண்டு தொடையும் கல்லு மாதிரி இறுகி வீங்கியிருந்தன. கட்டிலில் ஏறிப் படுக்க மனைவி ஒரு பக்கமும் மச்சான் மறு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. சேலைன் ஏற்றுவதற்காக ஒரு தாதி என் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை, கேள்வி விளங்காமலும் இல்லை. மனமறிந்த உண்மையாகத்தான் சொன்னேன், நான் மருந்து ஒன்றும் எடுப்பதில்லை என்று. அது நடந்தது சித்திரையில். இப்போது ஆவணி, நல்லூரில் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது, கால் சுகம், படியேறுகிறேன், சைக்கிள் ஓடுகிறேன். அந்த "இல்லை" மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சூட்கேஸில் வந்த போத்தல்

மாசியில் சின்னம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். வெளிநாட்டுச் சூட்கேஸ் திறக்கிற காட்சியை இங்கே யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சொக்லேட், மனைவிக்குக் கைப்பை, அம்மாவுக்கு மூட்டு நோவுக்கு ஒரு மஞ்சள் போத்தல், எனக்கு ஒரு பச்சைப் போத்தல். தம்பி நல்ல உடம்புக்காரன், கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சி செய்கிறவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். வைகாசியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களில் 40 வயது தாண்டியவர்களுக்கு ஒரு உதைபந்தாட்டம் வைத்திருந்தார்கள், அதில் விளையாட நான் பெயர் கொடுத்திருந்தது அவனுக்குத் தெரியும். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, அன்போடுதான், சொன்னான்: "அண்ணா, இது முழுக்க மூலிகை. ஒண்டும் செய்யாது. ரெண்டு கிழமையில வித்தியாசம் தெரியும் பாருங்கோ."

போத்தலின் பின்பக்கத்தை அன்று இரவே வாசித்தேன். அஸ்வகந்தா, ட்ரிபுலஸ், கார்சீனியா, பச்சைத் தேயிலைச் சாறு, குவரானா, மிளகுச் சாறு. இதில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்தவை. அஸ்வகந்தா என்பது அமுக்கரா, எங்கள் பரியாரிமார் சூரணத்தில் போடுகிற கிழங்கு. ட்ரிபுலஸ் எங்கள் வளவில் வெறுங்காலோடு நடந்தால் குத்துகிற நெருஞ்சி. கார்சீனியா கொறுக்காய், தெற்கே மீன் கறிக்குப் புளிப்புக்குப் போடுகிறார்களே அதேதான். மிளகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காய்ச்சல் என்றால் அம்மா வைக்கிற ரசத்தில் முதல் சாமானே அதுதான். இதையெல்லாம் வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு பெருமை வந்தது. எங்களுடைய சாமான்கள் கடல் தாண்டிப் போய், மூடி போட்டு, மதிப்போடு திரும்பி வந்திருக்கின்றன என்ற பெருமை. இந்தப் பெருமை வந்த இடத்திலேயே சந்தேகம் செத்துவிட்டது என்று இப்போது விளங்குகிறது. ஆறு சாமானுக்கும் சேர்த்து ஒரே ஒரு எடை போட்டிருந்தார்கள், எதில் எவ்வளவு என்று இல்லை. கனடாவில் விற்க அனுமதி பெற்ற இயற்கைப் பொருள் என்றால் லேபிளில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும், அதுவும் இல்லை. தம்பி இணையத்தில் வாங்கியது, அமெரிக்காவில் செய்தது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட சத்துக் குளிசைகளை விற்பதற்கு முன்னால் அவை பாதுகாப்பானவையா, வேலை செய்கின்றனவா என்று அரசுக்கு நிரூபித்து அனுமதி வாங்கத் தேவையில்லை. இதெல்லாம் பிறகு தேடித் தெரிந்துகொண்டவை. அன்றிரவு எனக்குத் தெரிந்தது நெருஞ்சியும் மிளகும் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை

பங்குனி கடைசியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். கந்தோர் முடிந்து போவேன், போவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னால் இரண்டு குளிசை. தம்பி சொன்னது சரி, வித்தியாசம் தெரிந்தது. களைப்புத் தெரியவில்லை. பதினைந்து வருடமாகக் கதிரையில் இருந்த உடம்பு இருபது நிமிடத்தில் மூச்சு வாங்க வேண்டும், நானோ ஒரு மணித்தியாலம் நின்றேன். இரவில் நித்திரை குறைந்தது, அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சித்திரை வருடப்பிறப்பு வந்தது, கைவிசேடம், பலகாரம், சொந்தக்காரர் வீடுகள் என்று எட்டு ஒன்பது நாள் ஜிம் பக்கமே போகவில்லை. அந்த விடுபட்ட நாட்களை ஒரே நாளில் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை போனேன்.

சித்திரை வெயிலை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழகம் இன்னும் தொடங்கவில்லை, இலை அசையவில்லை, பின்னேரம் நாலு மணி, தகரக் கூரை. அன்று கால் பயிற்சி. தோளில் 20 கிலோ கம்பியோடு இருந்து எழும்ப வேண்டும், பிள்ளையாருக்கு முன்னால் போடுகிற தோப்புக்கரணத்தைப் பாரத்தோடு செய்வது மாதிரி. அங்கே நின்ற பொடியன்கள் இருநூறு என்று ஒரு கணக்கு வைத்து ஒருவரையொருவர் உசுப்பிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. அன்று இரண்டு குளிசைக்குப் பதிலாக நாலு போட்டிருந்தேன். இருநூறையும் முடித்தேன். முடித்தபிறகு துள்ளிப் பாய்கிற பயிற்சி வேறு. குடித்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இப்போதும் இருபது வயதுக் கால்தான் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு நோவு. அது வரும் என்று தெரியும், எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தோம். திங்கள் காலை கழிப்பறையில் இருந்து எழும்ப முடியவில்லை, கதவைப் பிடித்துத்தான் எழும்பினேன். சலம் கடும் சாயம் போட்ட பிளேன்ரீ நிறத்தில் போனது. இதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு, சூடு. அம்மா உடனே செவ்விளநீர் வெட்டுவித்துத் தந்தார், இரண்டு குடித்தேன், மத்தியானம் இன்னும் ஒன்று. நெருஞ்சிக் கசாயம் வைக்கட்டோ என்றும் கேட்டார், நீர்க்கடுப்புக்கு அது பழைய கைமருந்து. பின்னேரம் தொடை தொட முடியாத அளவுக்கு இறுகியதும் மனைவிதான் ஓட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சிபிகே என்று ஒரு பரிசோதனை, தசைக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி எவ்வளவு இரத்தத்துக்கு வந்திருக்கிறது என்று காட்டுவது. சாதாரணமாக 200க்குக் கிட்ட இருக்கும், எனக்கு 61,000. தசைநார்கள் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் இரத்தத்தில் கொட்டுகிறது என்று டொக்டர் சொன்னார். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். இறைச்சிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற மயோகுளோபின் என்ற புரதம் எங்கள் தசையிலும் இருக்கிறது. அது சலத்தில் இறங்கும்போதுதான் அந்தப் பிளேன்ரீ நிறம், சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடக் கூடியதும் அதுதான். கூடவே பொட்டாசியமும் கொட்டுகிறது, அது கூடினால் இதயத் துடிப்புக் குழம்பும். இளநீர் பொட்டாசியம் நிறைந்தது. நல்ல உடம்புக்கு அது அமிர்தம், தசை உடைந்து பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிறவனுக்கு நெருப்பில் எண்ணெய். மூன்று செவ்விளநீர் என்று கேட்டதும் டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார்.

இந்த நோயை உலகம் சரியாக விளங்கிக்கொண்டது குண்டு விழுந்த ஒரு நகரத்தில்தான். 1941இல் லண்டனில் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு வைத்தியர்கள், இடிபாடுகளுக்குள் கை கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். வெளியே எடுத்தபோது பிழைத்துவிட்டார்கள் என்றுதான் தெரிந்தது, சில நாட்களில் சலம் நின்று இறந்தார்கள். இடிந்த வீடுகளுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்தெடுத்த ஊர் இதுவும். அதை வாசித்தபோது அந்த வார்ட்டில் என் கட்டிலில் முன்பு யார் யார் கிடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் விழுந்து வர வேண்டிய நோயை நான் தோளில் கம்பி வைத்து வரவழைத்திருந்தேன்.

"அது மருந்தே?"

அந்தக் கேள்விக்கு வருகிறேன். நான் "இல்லை" என்றதும் டொக்டர் படிவத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டுப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் போகவில்லை. பேனையை எடுக்காமல், குரலும் மாறாமல், திரும்பக் கேட்டார்: "சித்த மருந்து, கசாயம், புரோட்டீன் பவுடர், வெளிநாட்டில இருந்து ஆரும் கொண்டு வந்து தந்தது, அப்பிடி ஏதும்?" நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அப்போதும் எனக்குப் போத்தல் நினைவுக்கு வரவில்லை. மனைவிதான் சொன்னார். "டொக்டர், இவர் ஒரு பச்சைப் போத்தல் குளிசை போடுறவர். கனடாவில இருந்து வந்தது." நான் உடனே, "அது மருந்தில்லை டொக்டர், மூலிகை. ஒண்டும் செய்யாது" என்றேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைத்த முகம். "ஒண்டும் செய்யாதெண்டா ஏன் ஐயா போட்டனீங்கள்?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. தம்பி சொன்ன இரண்டு வசனத்தையும் அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "ஒண்டும் செய்யாது", "ரெண்டு கிழமையில வித்தியாசம் தெரியும்". இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில் வந்தவை. நானும் அப்படியே சேர்த்து விழுங்கியிருக்கிறேன். எங்கள் பேச்சில் "செய்யும்" என்ற சொல்லே இப்படித்தான் இருக்கிறது. வாழைப்பழம் தடிமனுக்குச் செய்யும், குளிர்ந்த தண்ணீர் தொண்டைக்குச் செய்யும் என்றால் கெடுதல் என்று அர்த்தம். செய்யாது என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொருள் உடம்பில் நல்லதைச் செய்ய வேண்டுமென்றால் அது முதலில் ஏதாவது செய்ய வேண்டும், செய்கிற பொருள் இடம் மாறியும் செய்யும், அளவு மாறியும் செய்யும். இவ்வளவு எளிய விடயத்தை நாற்பத்து மூன்று வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

அன்றிரவு மச்சான் போத்தலைக் கொண்டுவந்தார். டொக்டர் லேபிளைப் படம் எடுத்தார். அவருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. என் இரத்தத்தில் ஈரல் பரிசோதனைகளும் ஏறியிருந்தன, எஸ்ஜிஓடி 900க்கு மேல், எஸ்ஜிபிடி 250. ஈரல் கெட்டுவிட்டது என்று பார்த்தவுடன் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் ஒரு நாள் கடுமையாகப் பாரம் தூக்கினாலே அவை ஏறும், குறைந்தது ஒரு கிழமைக்கு ஏறியே இருக்கும் என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது, சுகதேகிகளான ஆண்களைப் பாரம் தூக்க வைத்துப் பார்த்தது. ஆக, ஏறியிருப்பது தசையிலிருந்து வந்ததா, ஈரலிலிருந்து வந்ததா? போத்தலைப் பற்றித் தெரியாமல் இருந்திருந்தால் எல்லாமே தசை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள், நானும் வீட்டுக்கு வந்து மிச்சக் குளிசையைப் போட்டிருப்பேன். போத்தல் தெரிந்ததால் தசையில் இல்லாத ஜிஜிடி என்ற இன்னொன்றையும் பார்த்தார்கள், அது கொஞ்சம் கூடியிருந்தது.

ஐந்து நாள் சேலைன். சலத்தை அளந்து அளந்து குறித்தார்கள், நிறம் பிளேன்ரீயிலிருந்து தேனுக்கும் தேனிலிருந்து வெளிறிய மஞ்சளுக்கும் வந்தது. சிறுநீரகம் தப்பியது. நாலு கிழமையில் சிபிகே சரி, எஸ்ஜிஓடி சரி, எஸ்ஜிபிடி மட்டும் 96இல் நின்றது. பத்தாவது கிழமை அதுவும் இறங்கியது. ஸ்கானில் ஈரலில் கொஞ்சம் கொழுப்பும் தெரிந்திருந்தது, அது முன்பே இருந்திருக்கலாம். போத்தலை நிறுத்தியதால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்று டொக்டரிடம் கேட்டேன். "சத்தியம் பண்ணமாட்டன்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. எந்தப் போத்தலும் அப்படி ஒரு வசனத்தைத் தன் லேபிளில் எழுதியதில்லை.

போத்தலுக்குள் இருந்தவை

வீட்டில் படுத்திருந்த மூன்று கிழமையும் ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன், இதில் நான் நியாயமாக இருக்க வேண்டும். அமுக்கரா வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. 2015இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 57 ஆண்களைப் பயிற்சி செய்ய வைத்து, பாதிப்பேருக்கு அமுக்கராக் கிழங்குச் சாறு 300 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு முறை, எட்டுக் கிழமை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாக்குளிசை. சாறு எடுத்தவர்களுக்குப் பலம் கூடியது, பயிற்சிக்குப் பிறகு தசைச் சேதமும் குறைந்தது. இது நல்ல செய்திதான். அதே கிழங்கைக் குளிசையாக எடுத்து மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி 2020இல் ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள், ஐந்து பேர், குளிசையை நிறுத்தியதும் மெல்ல மெல்லச் சுகமானார்கள். 2023இல் டென்மார்க் அதைத் தடை செய்தது. தைரொயிட் சுரப்பையும் அது கூட்டக் கூடியது. இரண்டு செய்தியும் ஒரே கிழங்கைப் பற்றியவை. அதன் தாவரப் பெயரில் இருக்கிற சொம்னிஃபெரா என்ற லத்தீன் சொல்லுக்கு நித்திரை தருவது என்று பொருள். அதை எழுப்பிவிடுகிற குவரானாவோடு ஒரே குளிசைக்குள் ஏன் அடைத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

குவரானா பிரேசில் பக்கத்துக் கொட்டை, அதன் சரக்கு கஃபீன். கஃபீன் என்று எழுதாமல் குவரானா என்று எழுதியிருந்ததால் நான் கோப்பியோடு அதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கவில்லை. என் கதையில் முக்கியமான ஆள் இதுதான் என்று நினைக்கிறேன். கஃபீன் தசையைப் பலமாக்குவதை விடக் களைப்பு என்ற உணர்வை மூளையில் மங்கச் செய்கிறது. ஓட்டக்காரர்கள் அதை அளவறிந்து பாவிக்கிறார்கள், அவர்களுக்கு அது உதவியும் செய்கிறது, அவர்களுடைய தசை பல வருடமாகப் பழகியது. எனக்கோ எண்பதாவது தடவையில் போதும் என்று உடம்பு சொல்லியிருக்கும். அந்தச் சொல்லைக் கேட்க முடியாமல் போனது. பாரத்தோடு மெல்ல இறங்கும்போது தசை நீண்டுகொண்டே இழுபடுகிறது, ஏறுவதைவிட இறங்குவதில்தான் நார்கள் கூடுதலாக உடைகின்றன. வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. பயிற்சி மட்டும் என்றாலும் எனக்கு இது வந்திருக்கலாம், குளிசை மட்டும் என்றால் தொடை வீங்கியிருக்காது. இரண்டையும் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாமல் இருப்பதுதான் என்னை ஆற விடுவதில்லை.

நெருஞ்சியைப் பற்றி வாசித்தபோது மனம் கொஞ்சம் நொந்தது. ஆண் சுரப்பைக் கூட்டித் தசை வளர்க்கும் என்றுதான் உலகம் முழுக்க விற்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் ரக்பி விளையாட்டுக்காரர் 22 பேரை வைத்து ஐந்து கிழமை பார்த்து 2007இல் எழுதியிருக்கிறார்கள், நாளுக்கு 450 மில்லிகிராம், மாக்குளிசை எடுத்தவர்களைவிட ஒரு கூடுதலும் இல்லை. எங்கள் பரியாரிமார் நெருஞ்சியைத் தசைக்குக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை, சலக்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும்தான் கொடுத்தார்கள். கொறுக்காயும் அப்படித்தான். 1998இல் அமெரிக்காவில் 135 பேரை 12 கிழமை பார்த்ததில் அதன் சாற்றால் எடை கூடுதலாகக் குறையவில்லை. கறியில் ஒரு துண்டு போட்டுப் புளிப்பு வாங்கிய ஒன்றைச் செறிவாக்கிக் கொழுப்புக் கரைக்கிறது என்று விற்றபிறகு, அது சேர்ந்த குளிசைகளால் ஈரல் கெட்ட கதைகளும் வந்திருக்கின்றன. பச்சைத் தேயிலையும் குடிக்கிற அளவில் பிரச்சினையில்லை. சாறாக்கி அதன் ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொல்லியிருக்கிறது. மிளகுச் சாறு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பெங்களூரில் 1998இல் செய்த ஆய்வொன்றில், மிளகின் சரக்கான பிபரினை 20 மில்லிகிராம் சேர்த்தவுடன் மஞ்சளின் குர்குமின் இரத்தத்தில் 20 மடங்கு கூடியது. உடம்பு ஒரு பொருளை உடைத்து வெளியேற்றுகிற வேலையை அது தாமதப்படுத்துகிறது. மற்ற ஐந்து சாமானும் எனக்குள் கூடுதல் நேரம் நிற்பதற்காகத்தான் அந்த மிளகு.

எபெட்ரா என்ற சீன மூலிகையின் கதையையும் சொல்ல வேண்டும். இளைப்புக்கும் தடிமனுக்கும் அங்கே நூற்றாண்டுக் கணக்காகக் கொடுத்தது. அமெரிக்காவில் அதை எடை குறைக்கவும் பயிற்சிக்கும் குளிசையாக்கினார்கள். 2003 பெப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்போல் வீரர் புளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தில் இறந்தார், அவர் எபெட்ரா எடுத்திருந்தது தெரிய வந்தது. அடுத்த வருடம் அதைத் தடை செய்தார்கள். அதே மூலிகை, அதே உடம்பு, வேறு அளவு, வேறு வெயில். சீனத்துக் கிழவர் ஒருவர் இளைப்புக்காரனைப் படுக்கையில் இருத்திக் கொடுத்ததை இவர்கள் ஓடுகிறவனுக்குக் கொடுத்தார்கள்.

பத்தியம்

இதை வாசித்துவிட்டு நான் சித்த மருத்துவத்தைத் தூக்கி எறிகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. சின்ன வயதில் அம்மம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற பரியாரியார் ஒருவர் இருந்தார். திண்ணையில் இருத்தி நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், வயிறு போகிறதா, நித்திரை வருகிறதா, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஐந்து நாளுக்கு ஐந்து பொட்டலம். தேனிலா, பாலிலா, சுடுதண்ணியிலா என்று சொல்லித் தருவார். கத்தரிக்காய் கூடாது, நண்டு கூடாது, வெயிலில் திரியக் கூடாது. ஆறாம் நாள் திரும்ப வா. அந்த ஆறாம் நாளில்தான் எனக்கு இப்போது கண் நிற்கிறது. அவர் கொடுத்ததும் அமுக்கராவாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஐந்து நாளில் அதை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, பிறகுதான் அடுத்ததைத் தந்தார். கைதடியில் படித்த சித்த வைத்தியர் ஒருவரிடம் போத்தலைக் காட்டினேன். அமுக்கராவைப் பாலாவியில் அவித்துச் சுத்தி செய்துதான் சூரணம் ஆக்குவார்கள் என்றும், கடுமையாக உடம்பு முறிகிற ஆளுக்கு, அதுவும் சித்திரை வெயிலில், இந்த ஆறையும் ஒன்றாகத் தன்னுடைய ஆசிரியர்கள் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில பத்தியம் எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

பரியாரிமாரும் பிழை விட்டிருப்பார்கள், அவர்களிடம் போய்ச் சிறுநீரகம் போனவர்களும் இருக்கலாம், பாதரசமும் பாஷாணமும் சேர்கிற மருந்துகள் விளையாட்டில்லை. ஆனால் அவர்கள் கொடுத்ததை மருந்து என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அம்மம்மா அதை மருந்து என்று சொல்லித்தான் வாங்கினார், பயந்து பயந்துதான் பருக்கினார். மூலிகை என்றால் மருந்தில்லை என்ற எண்ணம் எங்களுக்கு எப்போது வந்தது? பரியாரியாரின் திண்ணையில் அது இருக்கவில்லை. ஆங்கில மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு, எங்களுடையதற்கு இல்லை என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லி, எங்களுடைய மருந்தை மருந்து என்ற இடத்திலிருந்தே நாங்கள் இறக்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அந்த எண்ணம்தான் என் வாயில் "இல்லை" என்று வந்தது.

உதைபந்தாட்டத்துக்கு நான் போகவில்லை, கரையில் நின்று பார்த்தேன். இப்போது விடிய ஐந்தரைக்கு முற்றவெளியைச் சுற்றி நடக்கிறேன். ஆடியிலிருந்து கொஞ்சம் ஓடவும் விட்டிருக்கிறார்கள், கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. களைத்தால் நிற்கிறேன். அந்தக் களைப்பு வரும்போது எனக்கு இப்போது ஒரு நிம்மதி இருக்கிறது, உடம்பு சொல்வது கேட்கிறது என்று. தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுவிட்டான், தானும் அதையே போட்டு வந்தவன், இரத்தம் சோதிப்பதாகச் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன கிழமை அம்மாவின் கிளினிக் நாள். அம்மாவுக்கு 71, பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை. வெளிக்கிடும்போது கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் நாலு மருந்து எழுதியிருந்தது.

"அம்மா, இதைவிட வேறை ஏதும் எடுக்கிறனீங்களோ?"

"இல்லையடா."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "வெந்தயம்?"

"அது விடிய வெறும் வயித்தில ஒரு கரண்டி. அது சாப்பாடுதானே."

"சின்னம்மாவின்ரை பொடியன் தந்த மஞ்சள் போத்தல்?"

"நோவுக்கு. ரெண்டு போடுறன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆவாரம்பூத் தூளும் ஒண்டு இருக்கு, பக்கத்து வீட்டு அக்கா தந்தவ. பரியாரியாரின்ரை லேகியம் இரவில" என்றார்.

மஞ்சள் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். குர்குமின், அதற்குக் கீழே மிளகுச் சாறு. பேனையை எடுத்து, கொப்பியில் அந்த நாலு மருந்துக்கும் கீழே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். அம்மா பக்கத்தில் நின்று, லேகியத்தின் பெயர் ஞாபகம் வராமல், டப்பாவை எடுக்க அறைக்குள் போனார்.